முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையும் நமது மஹல்லாவும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தின் இறுதியில், இஷா தொழுகைக்குப் பின் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அவர்கள் வாசித்த ஆண்டறிக்கையைச் செவியுற்றீர்கள். பைத்துல்மால் கணக்கில் மருத்துவ உதவி என்ற தலைப்பின் கீழ்ச் சென்ற தொகையில் பெரும்பகுதி முதுகெலும்பு, இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைகளுக்கே சென்றிருக்கிறது. "இது ஏன் ஹழ்ரத், இதைப் பற்றி மக்களிடம் கொஞ்சம் பேசுங்கள்" என்று நிர்வாகிகள் கேட்டுக் கொண்டார்கள்.

நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். மதரஸாவில் ஓதி, இருபதாண்டுகளாக மிஹ்ராபில் நின்று கொண்டிருக்கிறோம். ஆயினும் நமது ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தை நீட்டினால், கையெழுத்திடுவதற்கு முன் குடும்பத்தார் நேரே பள்ளிவாசலுக்கு வந்து விடுகிறார்கள். "ஹழ்ரத், நீங்கள் சொன்னால் போடுகிறோம்" என்கிறார்கள். இந்த ஆண்டில் மட்டும் மூன்று குடும்பங்கள் அவ்வாறு வந்தன. ஆகவே எதைச் சொல்வது என்பதைக் கற்றுக் கொள்ளும் கடமை நமக்கு ஏற்பட்டது. மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்து கொண்டவற்றையே இங்கே கூறுகிறோம்.

முதலில் நமது தவறு ஒன்றைக் கூறிவிடுகிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் முந்திரித் தோப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியில் லாரியில் மோதி விழுந்தார். தொடை எலும்பின் தலை ஒரு பந்து போன்றது. அது இடுப்பெலும்பில் உள்ள ஒரு கிண்ணத்திற்குள் பொருந்திச் சுழல்கிறது. அவருக்கு அந்தக் கிண்ணமே உடைந்து விலகிவிட்டது. அறுவை செய்து துண்டுகளைச் சேர்க்க வேண்டும், நாட்களைக் கடத்தக் கூடாது என்று மருத்துவர் தெளிவாகவே கூறியிருக்கிறார். மறுநாள் சுப்ஹு தொழுகை முடிந்ததும் அவருடைய அத்தாவும் மாமாவும் நம்மிடம் வந்தார்கள். நாம் என்ன சொன்னோம்? "அவசரப்படாதீர்கள். இடுப்பில் கத்தி வைத்தவர் எழுந்து நடந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பாருங்கள். நாமும் துஆச் செய்கிறோம்" என்றோம். அவர்களும் அழைத்து வந்துவிட்டார்கள். ஐந்தாவது வாரத்தில் வலி தாளாமல் வேறொரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, முறிவு பழையதாகிவிட்டது, விலகிய நிலையிலேயே எலும்பு கூடத் தொடங்கிவிட்டது, இனி முன்போல் சேர்ப்பது கடினம் என்று கூறிவிட்டார்கள். இரண்டாண்டுகளில் மூட்டுத் தேய்ந்து, முப்பத்தாறு வயதில் செயற்கை மூட்டு வைக்க நேர்ந்தது.

அந்தச் சகோதரர் இதோ இந்தச் சபையில்தான் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி பெற்றே கூறுகிறோம். "சொல்லுங்கள் ஹழ்ரத், என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நம்மைக் கடிந்து கொண்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

துஆச் செய்தது தவறன்று. துஆவோடு சேர்த்து, அறியாத ஒன்றை அறிந்தவர் போலச் சொன்னதே தவறு. அதன் பிறகே நாம் இதைக் கேட்டறியத் தொடங்கினோம்.

இந்தக் கிண்ண முறிவை அறுவை செய்து சேர்க்கும் முறையை வகுத்தவர்கள் பிரான்சு நாட்டின் ஜூடே சகோதரர்களும், அவர்களுடைய மாணவரான எமில் லெதூர்னெல் என்பவரும் ஆவர். 1964 இல் அவர்கள் இதனை வகைப்படுத்தி வெளியிட்டார்கள். அதற்கு முன்னர் பெரும்பாலோரைக் காலில் எடை கட்டிப் படுக்க வைப்பதே வழக்கம். பின்னர் அமெரிக்காவின் ஜோயல் மாட்டா என்ற மருத்துவர், காயம் பட்ட மூன்று வாரத்திற்குள் அறுவை செய்யப்பட்ட 262 முறிவுகளின் பலனை 1996 இல் வெளியிட்டார். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு நல்ல பலன் கிடைத்திருந்தது. துண்டுகள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினவோ அவ்வளவுக்குப் பலனும் நன்றாக இருந்தது. இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். மூன்று வாரம் என்பது ஓர் எல்லை. அதற்குப் பின் துண்டுகளுக்கு இடையே புதிய எலும்பு வளர்ந்து, அறுவையின் தன்மையே மாறிவிடுகிறது. அடுத்தது, தேர்ந்த கரங்கள் உரிய காலத்தில் செய்தபோதும் நான்கில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மூட்டுத் தேய்மானம் வரலாம். பந்திற்குச் செல்லும் இரத்த ஓட்டம் அற்று, அது நொறுங்கலாம். பின்புறமாகச் செல்லும் பெரிய நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் தொங்கிவிடலாம். தசைக்குள் வேண்டாத எலும்பு வளர்ந்து மூட்டு இறுகலாம். காலில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றையெல்லாம் மருத்துவர் கூறும்போது நம்மவர்கள், "பயமுறுத்துகிறார்" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். அவர் பயமுறுத்தவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்கிறார்.

செயற்கை மூட்டு என்றோமல்லவா, இங்கே ஒரு சிறு செய்தி. நமது விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளையில் பொம்மையும் கோப்பையும் மின்சாரப் பொருட்களும் சுட்டெடுத்துப் பிழைத்த குடும்பங்கள் இந்தச் சபையிலேயே உண்டு. தொடை எலும்பின் பந்திற்குப் பதிலாக வைக்கும் உருண்டையை அலுமினா என்னும் ஒருவகைப் பீங்கானால் செய்து மனித உடலில் பொருத்தலாம் என்று 1970 இல் பியர் பூத்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்து காட்டினார். இன்றும் வயது குறைந்தவர்களுக்குப் பீங்கான் உருண்டையைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அதன் தேய்மானம் மிகக் குறைவு. நமது சகோதரரின் இடுப்பில் இருப்பதும் அதுவே. அவர் சூளையில் வேலை பார்த்தவர். "அத்தா காலத்திலிருந்து நாங்கள் சுட்டோம், இப்போது எனக்குள்ளேயே வந்துவிட்டது" என்பார்.

இடுப்புக் கூடே உடைவது இன்னொரு வகை. அது மிகக் கொடியது. அந்தக் கூட்டிற்குள் பெரிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமலேயே உள்ளே லிட்டர் கணக்கில் கசிந்து, மருத்துவமனை சேருமுன் மனிதர் மௌத்தாகிவிடலாம். விபத்து நடந்த இடத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு போர்வையையோ அகன்ற துணியையோ இடுப்பைச் சுற்றி, தொடையின் மேற்புறம் பக்கவாட்டில் எலும்பு புடைத்திருக்கும் மட்டத்தில் இறுக்கிக் கட்டுவது. வயிற்றில் கட்டக் கூடாது. கீழே கட்ட வேண்டும். கால்களை விரித்துப் பார்ப்பதும், எழுப்பி நிறுத்திப் பார்ப்பதும் கூடவே கூடாது. சிறுநீர் வரும் வழியில் இரத்தம் கண்டால் அதனை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீர்க் குழாய் அறுந்திருக்கக் கூடும்.

இங்கே சபை மரியாதையை மீறாமல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடுப்புக் கூடு உடைந்த ஆண்கள் சிலருக்கு இல்லற வாழ்வில் குறை ஏற்படுகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. அதை யாரிடமும் சொல்லாமல் மனம் புழுங்கி, கடைசியில் தலாக் வரைக்கும் வந்த ஒரு வழக்கை நாமே விசாரித்திருக்கிறோம். பெண்மக்களுக்கோ, இடுப்பில் பிளேட் வைத்தால் பிள்ளை பெற முடியாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது சரியன்று. பெற முடியும். சிலருக்குச் சிசேரியன் தேவைப்படலாம், அவ்வளவே. மாப்பிள்ளை வீட்டார் இதைக் காரணம் காட்டி நிச்சயத்தை முறிக்க வந்தால் நம்மிடம் அழைத்து வாருங்கள்.

இனி முதுகெலும்பு.

சென்ற ஆண்டு செராமிக் பேட்டையில் தகரக் கூரை மாற்றும்போது கீழே விழுந்த நமது வாலிபரை நீங்கள் அறிவீர்கள். உடன் இருந்தவர்கள் அவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைக்கவில்லை. அதற்காக அவர்களை இந்தச் சபையில் பாராட்டுகிறோம். அசையாமல் கிடக்கச் சொல்லி, 108 ஐ அழைத்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்குமாறு நால்வர் சேர்ந்து, மரக்கட்டையை உருட்டுவது போல் ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையில் ஏற்றினார்கள். பலா மரத்திலிருந்தும் பனையிலிருந்தும் விழுபவர்கள் நமது பகுதியில் ஏராளம். முதுகெலும்பு உடைந்தபோது தப்பிய தண்டுவடம், தூக்கும்போது நசுங்குவது எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது.

அந்த வாலிபருக்கு முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. கால்களில் உணர்வு இருந்தது, பலம் குறைந்திருந்தது. மறுநாளே அறுவை செய்து, கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து நிலைநிறுத்தினார்கள். அவருடைய உம்மா நம்மிடம் கேட்ட கேள்வி, "ஹழ்ரத், ஆபரேஷன் சக்ஸஸ் என்கிறார்கள், பிள்ளை ஏன் இன்னும் நடக்கவில்லை?" என்பதே.

இந்தக் கேள்விக்குள்தான் எல்லாம் இருக்கிறது. முதுகெலும்பு வேறு, அதற்குள் ஓடும் தண்டுவடம் வேறு. எலும்பை மருத்துவர் சேர்க்கலாம். நசுங்கிய தண்டுவடத்தைத் தைத்துச் சேர்க்கும் அறுவை இன்றளவும் உலகில் எங்கும் இல்லை. அறுவை செய்வது அதன்மேல் அழுத்தும் எலும்புத் துண்டை அகற்றுவதற்கும், மேலும் நசுங்காமல் காப்பதற்கும், நோயாளியைப் படுக்கையிலிருந்து விரைவில் எழுப்பி உட்கார வைப்பதற்குமே. அதற்குப் பின் நரம்பு எந்த அளவுக்கு மீளும் என்பது காயத்தைப் பொறுத்தது. காயம் பட்ட அன்றே கால்களில் ஓரளவு உணர்வோ அசைவோ மிஞ்சியிருந்தால் முன்னேற்றத்திற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அடியோடு இல்லாமற்போயிருந்தால் மீண்டும் நடப்பவர்கள் மிகச் சிலரே. இதைக் குடும்பத்தாரிடம் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், பின்னர் மருத்துவரைத் திட்டுவதும், அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று நிலத்தை விற்று அலைவதும் குறையும். அந்த வாலிபர் எட்டு மாதத்தில் ஊன்றுகோலுடன் நடந்து ஜும்ஆவுக்கு வந்தார், அல்ஹம்துலில்லாஹ். இதே பேட்டையில் முன்னொரு காலத்தில் விழுந்த இன்னொருவர் நடக்கவில்லை. இருவருக்கும் செய்யப்பட்ட அறுவை ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே, படிவத்தில் கையெழுத்திடுமுன் முதற்கேள்வியாக, "இந்த அறுவை எதற்காக? வலி போகவா, எலும்பு நிலைக்கவா, கால் வரவா?" என்று கேளுங்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, கெடுதல் வந்தால் எது வரும் என்பதையும் கேளுங்கள். இவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நோயின் தன்மை, சிகிச்சையின் பலன், முக்கியமான ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றை எடுத்துரைத்த பின்னரே ஒப்புதல் பெற வேண்டும் என்று 2008 இல் சமீரா கோலி வழக்கில் நமது உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

நாம் பேசுவதைக் கேட்டு, முதுகு வலி என்றாலே ஓடிப்போய் அறுவை செய்து கொள்ளச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அறுவை வேண்டாத முதுகெலும்பு நோய்களும் உண்டு. அதற்கு மிகப் பெரிய சான்று நமது சென்னையிலேயே உருவானது.

காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதன்று. முதுகெலும்பையும் அரிக்கும். மாதக் கணக்கில் நீங்காத முதுகு வலி, மாலையில் லேசான காய்ச்சல், உடல் இளைப்பு, பிறகு முதுகில் ஒரு கூன். முற்காலத்தில் இதற்கு நோயாளியை மாவுக்கட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் படுக்க வைத்தார்கள். 1950 களில் ஹாங்காங் மருத்துவர்கள், மார்பு வழியாகவோ வயிற்றுப் பக்கமாகவோ சென்று, அரித்த எலும்பை முழுவதும் அகற்றி வேறு எலும்பை ஒட்டவைக்கும் பெரிய அறுவையை வகுத்தார்கள். எல்லோருக்கும் இது தேவையா என்ற கேள்வியைச் சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் எடுத்துக் கொண்டது. நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அந்தப் பெரிய அறுவையும் ஆறு மாத மருந்தும். அடுத்த பிரிவுக்கு ஆறு மாத மருந்து மட்டும். மூன்றாம் பிரிவுக்கு ஒன்பது மாத மருந்து மட்டும். மருந்து உண்டவர்கள் படுக்கையில் கிடக்கவில்லை. வீட்டிலிருந்து நடமாடிக்கொண்டே உண்டார்கள். பத்தாண்டுகள் விடாமல் அவர்களைத் தொடர்ந்து பார்த்து, 1999 இல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 100 க்கு 90, ஆறு மாத மருந்துப் பிரிவில் 94, ஒன்பது மாத மருந்துப் பிரிவில் 99.

கத்தியின்றி மாத்திரை மட்டும் உண்டவர்களே சற்று மேலாக இருந்தார்கள்! இந்த ஆய்வு உலகெங்கும் மருத்துவர்களின் வழக்கத்தை மாற்றியது. ஆயினும் இதையும் அரைகுறையாகப் புரிந்து கொள்ளலாகாது. கால் பலமிழந்து நடக்கவே இயலாதவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அத்தகையவர்களில் பலருக்கு அறுவை தேவைப்படும். சிறு பிள்ளைகளின் நிலை இன்னும் வேறு. நோய் ஆறிய பிறகும் பிள்ளை வளர வளரக் கூனும் வளர்வதுண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் அவர்கள் இத்தகைய பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, யாருக்குக் கூன் வளரும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே காட்டும் அடையாளங்களை 2001 இல் வெளியிட்டார்கள். அந்த அடையாளம் உள்ள பிள்ளைக்கு முன்பே அறுவை செய்துவிட்டால் பெருங்கூனைத் தடுக்கலாம்.

நமது மஹல்லாவின் ஒரு சகோதரிக்கு இந்நோய் வந்தது. ஓரிடத்தில் பல இலட்சத்திற்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். நகையை அடகு வைக்கப் புறப்பட்டவர்களை நிறுத்தி, இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்கச் சொன்னோம். அவர் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து நோயை உறுதி செய்து, மருந்தே போதும் என்றார். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு மாதம் 500 ரூபாய் என 2018 இல் தொடங்கிய உதவி, 2024 நவம்பரில் 1000 ஆயிற்று. எலும்புக் காசநோய்க்கு இப்போது பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ மருந்து கொடுக்கிறார்கள். வலி நின்ற மூன்றாம் மாதம் அந்தச் சகோதரி மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். அவருடைய மாமியார் விடவில்லை. மாமியார்களைப் பற்றி நல்லது சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போது சொல்லிவிட வேண்டும்.

டிஸ்க் விலகி நரம்பை அழுத்தி, காலில் மின்னல் போல் வலி இறங்குவதை உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். இதில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அறுவையின்றியே வலி அடங்குகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டிஸ்க் விலகல் தெரிவதாலேயே அறுவை தேவை என்பதில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அது தெரிவதுண்டு. ஆறு வாரம், எட்டு வாரம் கடந்தும் கால் வலி தாங்கவில்லையெனில் அறுவை விரைவில் நிவாரணம் தரும். ஆனால் ஒரே ஒரு நிலையில் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. சிறுநீர் கட்டிக் கொள்வது அல்லது தானே போய்விடுவது, மலம் அடக்க முடியாமை, வாகனத்தில் அமரும்போது படும் பகுதி மரத்துப் போதல், இரு கால்களும் பலமிழத்தல். இவை தோன்றினால் நள்ளிரவாயினும் புறப்படுங்கள். தாமதித்தால் அறுவை செய்தும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமற்போகலாம். தயவு செய்து அந்த நேரத்தில் நம்மைத் தேடி வராதீர்கள். போகும் வழியில் தொலைபேசியில் சொல்லுங்கள்.

முதுகெலும்பு அறுவையில் வரும் கெடுதல்களையும் மறைக்க வேண்டியதில்லை. புண்ணில் சீழ் பிடிக்கலாம். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை கிழிந்து நீர் கசியலாம். ஸ்க்ரூ சற்றே விலகி நரம்பைத் தொடலாம். எலும்பு கூடாமல் கம்பி முறியலாம். டிஸ்க் அறுவை செய்தவர்களில் 100 க்கு 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் விலகுகிறது. இவற்றில் இரண்டு நமது கையில் இருக்கின்றன. சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் சீழ் பிடிப்பது அதிகமாகிறது. பீடி, சிகரெட் குடிப்பவருக்கு எலும்பு கூடுவது தடைப்படுகிறது. மருத்துவமனை வாசலிலேயே நின்று பீடி பற்றவைத்துக் கொண்டு "துஆச் செய்யுங்கள் ஹழ்ரத்" என்று கேட்ட ஒருவரை நாம் கண்டோம். பீடியை வாங்கி மிதித்துவிட்டுத்தான் துஆச் செய்தோம்.

இப்போது வீட்டிற்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி. நமது ஜமாஅத் மிகவும் பின்தங்கியிருப்பது இங்கேதான்.

முதலாம் உலகப் போரில் தண்டுவடம் அறுந்த படைவீரர்களில் பத்தில் எட்டுப் பேர் முதல் சில வாரங்களிலேயே இறந்து போனார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பையில் ஏற்பட்ட சீழுமே. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் பொறுப்பேற்று, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளக் கற்பித்தார். அவர்கள் பிழைத்தார்கள், பிழைத்ததோடு சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாடவும் செய்தார்கள். 1948 இல் அவர் தொடங்கிய அந்த விளையாட்டே இன்றைய பாராலிம்பிக்கிற்கு மூலம். புதிய மருந்து எதுவும் அங்கே அற்புதம் செய்துவிடவில்லை. புரட்டிப் போட்ட கைகளே செய்தன.

நமது வேலூரில் நடந்ததையும் அறிந்து கொள்ளுங்கள். மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் மருத்துவர் 1954 இல் வாகன விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் அவர்களின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். அவருடைய முயற்சியால் 1966 இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. கால் போனவர்கள் குளிக்கவும் உடுத்தவும் சமைக்கவும் பிழைப்பு நடத்தவும் அங்கே பழகிக் கொள்கிறார்கள். தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981 இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் அவர்களும் 1975 இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கை கால் இயக்கத்தை இழந்தவரே.

நமது மஹல்லாவில் என்ன நடக்கிறது? அறுவைக்கு இலட்சக் கணக்கில் வசூல் செய்து கொடுத்துவிட்டு, வீட்டிற்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். மனைவி ஒருத்தியே இரவும் பகலும் புரட்ட வேண்டியிருக்கிறது. பேட்டையில் விழுந்து நடக்காமற்போனார் என்று கூறினோமே, அவருடைய முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்திற்குப் புண் விழுந்ததை நாம் கண்டோம். அறுவை நன்றாகவே நடந்திருந்தது. அவர் மௌத்தானது அந்தப் புண்ணினால்தான். அவருடைய ஜனாஸாவில் இந்தப் பள்ளிவாசல் நிரம்பி வழிந்தது. உயிரோடு இருந்த பதினான்கு மாதத்தில் அவரைப் புரட்டிப் போடச் சென்றவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணலாம். நாமும் போய் நலம் விசாரித்துத் தேநீர் அருந்தி வந்தவர்களில் ஒருவரே.

இத்தகையவர்கள் தொழுகையைப் பற்றியும் மனம் வருந்துகிறார்கள். முதுகில் கம்பி வைத்தவர் ருகூஉ, சஜ்தாவுக்குக் குனியக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் குனிய வேண்டியதில்லை. நிற்க முடியாதவர் அமர்ந்தும், அமர முடியாதவர் படுத்தும், சைகையால் தொழலாம். குழாயில் சிறுநீர் கசிந்து கொண்டே இருப்பவர் நிரந்தரக் காரணம் உடையவர். ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஓர் உளூச் செய்து தொழுது கொள்ளலாம். தண்ணீர் படக்கூடாத புண் உள்ளவரின் சட்டத்தைத் தனியே வந்து கேட்டால் விளக்குகிறோம். "நாற்காலி போட்டால் சஃப் கெடுகிறது" என்று முணுமுணுப்பவர்கள் நம்மிடமே வந்து முணுமுணுக்கவும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இந்த அறுவைகளில் பலவும் அதில் அடங்கும். சாலை விபத்தாயின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய தனித் திட்டம் உண்டு. மரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்தவர் அதில் வரமாட்டார். காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு வந்தால், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நமது வாலிபர்கள் விண்ணப்பம் எழுதித் தருவார்கள். அட்டை இருந்திருந்தால் சென்ற ஆண்டு பைத்துல்மாலிலிருந்து சென்ற தொகையில் பாதி மிஞ்சியிருக்கும். மிஞ்சுவதைப் பிசியோதெரபிக்கும், நோயாளியைக் கவனிப்பதற்காகக் கூலி வேலையை விட்டு வீட்டிலிருக்கும் மனைவிக்கும் கொடுக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. இதை நிர்வாகம் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறோம்.

பள்ளிவாசலின் பின்புற அறையில் இரண்டு சக்கர நாற்காலிகளும், காற்று மெத்தை ஒன்றும், கமோடு நாற்காலி ஒன்றும் வாங்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அறையின் சாவி மோதினார் அவர்களிடம் இருக்கிறது. பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம், வாடகை இல்லை. இப்போது படுக்கையில் இருக்கும் இருவரின் வீடுகளுக்கு இரவில் சென்று புரட்டிப் போட முறை வைத்திருக்கிறோம். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று நான்கு முறை. பதினொரு வாலிபர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வெளியே பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கும் வியாழக்கிழமை நான்கு மணிக்கும் ஆள் இல்லை. சுப்ஹுக்கு எப்படியும் எழுபவர்கள் நாம் என்பதால் வியாழன் நான்கு மணியை நாமே எழுதிக் கொண்டோம். செவ்வாய் இரண்டு மணி இன்னும் காலியாக இருக்கிறது.